மூக்கடைப்புக்கும் நெஞ்சுச் சளிக்கும் தைலம் பயன்படுத்தும் முறை

ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம் வரை காற்றாலைகள் வேகம் பிடிக்கும். அதே வாரத்தில் மருந்துக்கடைகளில் தைலக் குப்பிகளும் நகரத் தொடங்கும். புழுதியும் பார்த்தீனியச் செடியின் மகரந்தமும் அந்தக் காற்றோடு வருகின்றன. ஆவணியில் சற்று ஓய்ந்து, மார்கழிப் பனியில் மறுபடியும் ஆரம்பிக்கும். இவை போதாவென்று நூற்பாலைப் பஞ்சு, பனியன் கம்பெனித் தூசு, தென்னைநார்த் தூள், மஞ்சள் மண்டித் தூசி, கோழிப்பண்ணைக் காற்று என்று கொங்கு நாட்டின் தொழில்களில் பாதி மூக்கின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் மருந்துக்கடையில் நீண்ட காலமாக நிற்பவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: எந்தத் தைலம் நல்லது என்று கேட்பவர்கள் பலர், எத்தனை சொட்டு என்று கேட்பவர்கள் மிகச் சிலர். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்கானது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் வழக்கில் தைலம் என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறது. சுக்குத் தைலம், அரக்குத் தைலம் போன்றவை நல்லெண்ணெயில் மருந்துச் சரக்குகளைக் காய்ச்சி இறக்கியவை. தலைக்குத் தேய்த்துக் குளிக்க ஆனவை. உள்ளங்கை நிறைய எடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. யூகலிப்டஸ் தைலமும் புதினாத் தைலமும் அப்படியல்ல. இலையை நீராவியில் வேகவைத்து, அதிலிருந்து ஆவியாகும் பகுதியை மட்டும் பிரித்துக் குளிரச் செய்து எடுக்கும் சாரம் அவை. நீலகிரியில் தைலம் காய்ச்சுமிடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பெரிய கொப்பரையில் தைலமர இலையைத் திணித்து மூடி, அடியில் நெருப்பிடுவார்கள். மேலே கிளம்பும் ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சென்று குளிர்ந்து சொட்டும். சொட்டியதில் தண்ணீர் கீழே நிற்க, தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலம் கிடைத்தால் உண்டு. ஆகவே குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டு, ஒரு கைப்பிடி இலைக்குச் சமம் என்று கணக்கில் வைத்துக்கொண்டால் அளவு பற்றிய பயம் தானாகவே வரும்.

தைலமரம் நம் மண்ணுக்குரியதன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அம்மரம் 1843ஆம் ஆண்டில், விறகுத் தேவைக்காக நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தைலத்தில் முக்கியமான பொருள் சினியோல். மருந்துத் தரம் என்று சொல்லப்பட வேண்டுமானால் தைலத்தில் குறைந்தது 70 விழுக்காடு சினியோல் இருக்க வேண்டும் என்று மருந்துத் தர நூல்கள் வரையறுக்கின்றன. மலையில் சிலர் இம்மரத்தைக் கற்பூர மரம் என்றும் அழைப்பதால், தைலத்தையும் கற்பூரத்தையும் ஒன்றென எண்ணுபவர்கள் உண்டு, அது தவறு. அதே இனத்தில் எலுமிச்சை மணம் வீசும் மரம் ஒன்றும் உண்டு. அதன் இலையில் சினியோல் அநேகமாக இல்லை. கொசு விரட்ட உதவும், மூக்கடைப்புக்கு உதவாது. தோட்டத்து மரத்தின் இலையைப் பறித்து வேது பிடிக்க, அதாவது ஆவி பிடிக்க, நினைப்பவர்கள் முதலில் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

தைலம் உடம்பில் என்ன செய்கிறது

மூக்கைச் சுற்றி நெற்றியிலும் கன்னத்திலும் கண்களுக்கு இடையிலும் அதற்குப் பின்னாலும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்சவ்வில் ஊறும் சளி சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். சவ்வு வீங்கித் துளை அடைபட்டால் சளி தேங்குகிறது, தலை கனக்கிறது, குனிந்தால் நெற்றி வலிக்கிறது. சித்த மருத்துவம் இதைப் பீனிசம் என்கிறது; ஊரில் நீர்க்கோவை என்கிறோம். திடீரென்று வரும் பீனிசத்தில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஏழு முதல் பத்து நாளில் தாமாகவே தணிபவை. இந்த இடைப்பட்ட நாள்களைச் சிரமமில்லாமல் கடத்த உதவுவதே தைலத்தின் வேலை. அடைபட்ட துளையைத் திறக்கவோ கிருமியை ஒழிக்கவோ அதனால் ஆவதில்லை.

புதினாத் தைலத்திலுள்ள மெந்தாலை எடுத்துக்கொள்வோம். அதை முகர்ந்ததும் மூக்கு சட்டென்று திறந்துகொண்டதாகத் தோன்றும். காற்று போகும் அளவைக் கருவி வைத்து அளந்தால் மாற்றம் எதுவும் இராது. குளிரை உணரும் நரம்பு முனைகளில் மெந்தால் போய் ஒட்டிக்கொள்வதால், குளிர்ந்த காற்று தாராளமாக உள்ளே போகிறது என்று மூளைக்குச் செய்தி போகிறது. மிளகாயின் காரத்தையும் மெந்தாலின் குளிர்ச்சியையும் வைத்து நரம்பு முனைகளிலுள்ள இந்த உணர்வுவாயில்களைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவருக்கும், வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அது வெறும் உணர்வுதானே என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இரவு இரண்டு மணிக்கு மூக்கடைத்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உணர்வே தூக்கம். ஆனால் உணர்வு தணிந்ததை நோய் தணிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சினியோலுக்குச் சற்றுக் கூடுதல் சான்று உண்டு. அது சளியை இளக்கி, சவ்வின் வீக்கத்தைக் குறைக்கிறது என்று ஜெர்மனியில் ஆராய்ந்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 152 பீனிச நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வேளைக்கு 200 மில்லிகிராம் சினியோல் மாத்திரையாக நாளுக்கு மூன்று வேளை கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிட இவர்கள் விரைவாகத் தேறினார்கள். இதைப் படித்துவிட்டுக் குப்பித் தைலத்தைச் சர்க்கரையில் சொட்டி விழுங்குபவர்களை நான் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அது தூய்மையாகப் பிரித்தெடுத்து அளந்து அடைத்த மருந்து, கடையில் வாங்கும் தைலம் வெளி உபயோகத்துக்கு மட்டுமே உரியது. ஊட்டியிலிருந்து வாங்கி வந்த குப்பியாக இருந்தாலும், உறவினர் நேரில் நின்று காய்ச்சி வாங்கியதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

குப்பியை வாங்கும்போது

கரும்பழுப்பு அல்லது நீலக் கண்ணாடிக் குப்பியில், தாவரத்தின் பெயர், தயாரிப்பு எண், காலாவதி மாதம், உரிமம் எண் ஆகியவை அச்சிட்டிருக்கும் சரக்கையே வாங்க வேண்டும். மலைப்பாதை ஓரத்தில் பிளாஸ்டிக் புட்டிகளில் அடுக்கியிருப்பவை எல்லாம் போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் எது நல்லது என்று கண்டறிய உங்களிடம் வழி இல்லை. வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு அரை நாள் காயவிடுங்கள். நல்ல தைலம் முழுவதும் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் மலிவான எண்ணெய் கலந்திருக்கிறது. டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீலகிரிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்கு அருகிலேயே விண்டர்கிரீன் தைலமும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குப்பியில் இருக்கும். மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலம் அது. அதில் இருப்பது முழுக்க முழுக்க ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள். ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லியில், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான அளவு அடங்கியிருக்கிறது. அதை வேது நீரில் விடுவது வீண். குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து. சுற்றுலாவிலிருந்து திரும்பியதும் இரண்டு குப்பிகளிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். எலுமிச்சைப்புல் தைலம் சவ்வை எரிக்கும். அதுவும் மூக்குக்கு ஆகாது.

வேது பிடித்தல்

பெரியவர்களுக்கான முறையை மட்டுமே இங்கே சொல்கிறேன். குழந்தைகளைப் பற்றிப் பின்னால் தனியாக வருகிறது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். எளிதில் சாயாத, அடி அகன்ற கனமான பாத்திரத்தில் அதை ஊற்றி, மேசைமேல் ஒரு ஈரத் துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஈரத் துணி பாத்திரம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கட்டிலிலோ மடியிலோ வைக்கவே கூடாது. இரண்டு, மூன்று நிமிடம் கழித்து, பொங்கும் ஆவி சற்று அடங்கிய பிறகு, யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விடுங்கள், மிஞ்சினால் மூன்று. கண்களை மூடிக்கொண்டு, முகத்தை நீரிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நிறுத்தி, துண்டால் தலையைத் தளர்வாக மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். மூக்கு எரிந்தாலோ, கண்ணில் நீர் வழிந்தாலோ, நெஞ்சு இறுகுவது போலிருந்தாலோ துண்டை விலக்கிவிட வேண்டும்; தாங்கிக்கொண்டு உட்காருவதில் பலன் ஒன்றும் கூடிவிடாது. நாளுக்கு இரண்டு முறை போதும்.

கொதிக்கும்போதே தைலம் விட வேண்டும் என்பவர்கள் நம்மிடையே அதிகம். "கொதி அடங்குனா வீரியம் போயிருமுங்க" என்று கடைக்கு வரும் ஓர் அம்மாயி ஒவ்வொரு முறையும் என்னைத் திருத்துவார். உண்மை நேர்மாறானது. தைலம் தண்ணீரில் கரையாமல் மேலே படர்ந்து மிதக்கும் பொருள். கொதிநீரில் விட்டால் முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பகுதி பறந்து, அந்த முதல் மூச்சில் தொண்டையையும் கண்ணையும் தாக்கிவிட்டு, மீதி ஒன்பது நிமிடத்துக்கு வெறும் நீராவியைத்தான் விட்டுவைக்கும். நீர் சற்று ஆறியிருந்தால் அதே இரண்டு சொட்டு மெதுவாக எழும்பி நெடுநேரம் நிற்கும்.

தைலத்துக்குப் பதில் இலை போடுவது கொங்கு வீடுகளின் பழைய வழக்கம். வாய்க்கால் கரையில் நொச்சி எங்கும் கிடைக்கும். இரண்டு கைப்பிடி நொச்சி இலை, கொஞ்சம் துளசி, நாலைந்து கற்பூரவல்லி இலை ஆகியவற்றைக் கசக்கிப் போட்டால் ஆவியில் வரும் தைலத்தின் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். அதனால் மிகையாகிவிடும் அபாயம் இல்லை. கற்பூரவல்லியிலும் ஓமத்திலும் உள்ள மணப்பொருள்கள் நெருங்கிய உறவுடையவை, இரண்டும் ஆவியோடு ஏறி வருபவை. வயதானவர்களுக்கும் கடுமணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நான் குப்பியைவிட நொச்சியையே பரிந்துரைப்பேன். கடை வியாபாரத்துக்கு இது நல்லதல்ல என்றாலும். உலர்ந்த நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

இங்கே ஒரு சிறிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேது பாத்திரத்தில் மஞ்சள்தூளும் கல்லுப்பும் ஆடாதோடை இலையும் சேர்ப்பவர்கள் உண்டு. உப்பு ஆவியாவதில்லை, அது பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும். மஞ்சளின் நிறப்பொருளும் அப்படியே. ஆடாதோடை உண்மையிலேயே சிறந்த சளி மருந்துதான். இன்றைய சளி இளக்கும் மருந்தான புரோம்ஹெக்சின், அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி உருவாக்கப்பட்டது. ஆனால் வாசிசின் நீராவியோடு மேலே வராது, அதனால் ஆடாதோடையைக் கஷாயமாகக் குடித்தால்தான் வேலை செய்யும். எது ஆவியில் ஏறும், எது ஏறாது என்பதை மணத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்: ஆறிய இலையைக் கசக்கும்போதே மூக்கைத் தொடுகிற மணம் இருந்தால் அது ஏறும்.

நீராவிக்கே எவ்வளவு பலன் என்பதிலும் நிதானமாக இருப்பது நல்லது. நாள்பட்ட பீனிசம் உள்ள 871 பேரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியானது. அதில் வேது பிடித்தவர்களுக்குத் தலைவலி மட்டுமே குறைந்தது. உப்பு நீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கே மற்ற தொல்லைகளும் குறைந்தன. எனவே, நாள்பட்ட தொல்லை உள்ளவர்கள் தைலத்துக்கு முன்னால் உப்பு நீரைப் பழகிக்கொள்வது நலம். அரை லிட்டர் தண்ணீரை நன்கு கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவைத்து, அயோடின் சேர்க்காத தூள் உப்பு ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி கலந்து, முகத்தைக் கவிழ்த்துத் தலையை ஒருபுறம் சாய்த்தபடி ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வடிய விட வேண்டும். கிணற்று நீரையோ குழாய் நீரையோ கொதிக்க வைக்காமல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நீரிலிருந்து மூக்கு வழியே மூளைக்குச் செல்லும் அமீபா நோய் அண்டை மாநிலமான கேரளத்தில் 2024இலும் 2025இலும் பலரைத் தாக்கியது. இந்த உப்பு நீரில் ஒரு சொட்டுத் தைலம்கூடக் கலக்கக் கூடாது. கழுவி முடித்துக் கால் மணி நேரம் கழித்து வேது பிடித்தால், மணம் போக வழி திறந்திருக்கும்.

கைக்குட்டையும் நெஞ்சுத் தேய்ப்பும்

பேருந்தில் போகிறவர்களுக்கும் வேலைக்குச் செல்பவர்களுக்கும் கைக்குட்டையே எளிது. ஒரு மூலையில் ஒரு சொட்டு விட்டு, சொட்டு உலர்ந்தபின் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்து முகரலாம். ஈரமாக இருக்கும்போதே மூக்கில் ஒட்டி இழுத்தால் மூக்கின் நுனித் தோல் வெந்துவிடும்.

நெஞ்சில் தேய்க்கத் தைலத்தை ஒருபோதும் நேராக எடுக்கக் கூடாது. 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நான்கு சொட்டுத் தைலம் என்பது ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. பெரியவர்களுக்கு அது போதும். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்துச் செக்கு எண்ணெய் வீட்டில் இருந்தால் அதைவிட வேறு வேண்டாம். மார்கழியில் உறைந்துபோனால் நல்லெண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி, மறுநாள் வரை சிவப்போ அரிப்போ இல்லையென்று பார்த்த பிறகே நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்க வேண்டும். தேய்த்த கையால் கண்ணைத் தொடக் கூடாது. ஏற்கெனவே களிம்பு பூசியிருந்தால் அதன்மேல் தைலம் வேண்டாம், ஏனென்றால் கடைக் களிம்புகளில் கற்பூரமும் மெந்தாலும் யூகலிப்டஸும் முன்பே கலந்திருக்கின்றன. பாலூட்டும் தாய்மார்கள் நெஞ்சில் தேய்க்காமல் முதுகோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தில் இயங்கும் மணப்பரப்பிகள் இப்போது திருப்பூர், கோவை வீடுகளில் வந்துவிட்டன. ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் போதும். பூட்டிய குளிர்சாதன அறையில் இரவு முழுவதும் ஓடவிட்டால் இருமல் குறைவதற்குப் பதில் கூடும். மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசர் கருவியில் தைலம் விடுவது வேறு விஷயம், அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. எண்ணெய்த் துளிகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிட்டால் அங்கிருந்து வெளியேற வழியில்லை. அதனாலேயே ஒருவகை நிமோனியா உண்டாகும்.

குழந்தைகள்

கடைக்கு வரும் பாட்டிமார்களோடு நான் விவாதிக்கும் ஒரே இடம் இதுதான். பிறந்த குழந்தைக்குச் சளி பிடித்தால், தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடுகாட்டி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இரத்தத்தில் சேர்ந்து, சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அளவுக்கு உள்ளே போனால் கைக்குழந்தையின் உயிரையே பறிக்கக்கூடியது அது. யூகலிப்டஸும் அப்படித்தான், தைலத்தை முகர்ந்தும் பூசியும் வலிப்பு வந்தவர்களைத் தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள், அவர்களில் பெரியவர்களும் உண்டு. ஆகையால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் மூன்றும் எந்த வடிவிலும் வேண்டாம். அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் குப்பியைத் திறக்க வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வயது எதுவானாலும் இவை ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டபின்னரே பயன்படுத்தலாம். குளிக்க வைக்கும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும் நிறுத்திவிட வேண்டும். நெபுலைசரைப் பற்றி மேலே சொன்ன அதே காரணத்தால்.

சிறுவர்களை வேது பிடிக்க உட்காரவைப்பதும் கூடாது. என் அக்காள் மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது கட்டிலில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தி, முன்னால் ஓர் எவர்சில்வர்க் குண்டாவை வைத்தோம். குண்டாவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். போர்வைக்குள் மூச்சு முட்டி அவன் காலை உதறினான், குண்டா கவிழ்ந்தது. தொடையில் இருந்த தழும்பு அவன் கல்லூரிக்குப் போன பிறகும் தெரிந்தது. மருந்துக்கடைக்காரன் வீட்டில் நடந்தது இது. குழந்தைக்கு நீராவிதான் வேண்டுமென்றால், குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

குப்பியை அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தைலம் எளிதில் தீப்பற்றும். ஒரு தேக்கரண்டி அளவு விழுங்கினாலே குழந்தை நினைவிழக்கலாம். விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், உப்புக் கரைசல் கொடுக்காமல், குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

இரைப்பும் ஆலைத் தூசும்

மூச்சுக்குழல் தொல்லைகளில் தைலத்துக்கு இடம் குறைவு. தொண்டைச் சளி இளகாத சாதாரண இருமலுக்குக் கைக்குட்டையும் முதுகுத் தேய்ப்பும் இதமளிக்கும். இரைப்பு உள்ளவர்களுக்கு, அதாவது ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லிவிட்டவர்களுக்கு, கடுமையான மணமே இழுப்பைத் தூண்டக்கூடும். தைலம் ஒத்துக்கொள்கிறது என்று தோன்றினாலும் இன்ஹேலரை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இழுப்பு வந்த நேரத்தில் முதலில் எடுக்க வேண்டியது இன்ஹேலர்தான்.

நூற்பாலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். வார விடுமுறைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, மூச்சு வாங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் சற்றுத் தணிந்தால், அது பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அடையாளம். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதடையும். அந்த நெஞ்சிறுக்கத்துக்கு வாரந்தோறும் ஒரு குப்பித் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்குத் தெரியும். நானே விற்றுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருந்தும் அவர் மருத்துவரிடம் போகவில்லை, ஏனென்றால் தேய்த்ததும் இதமாக இருந்தது. அப்படிப்பட்டவர்கள் எந்த நாளில் தொல்லை கூடுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தைவிட அந்தக் குறிப்பு அவருக்கு அதிகம் உதவும்.

குப்பியை மூடிவைத்து மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்கள் இவை. பத்து நாள் கடந்தும் மூக்குச் சளியும் முகவலியும் குறையாதபோது. தேறி வந்து மறுபடியும் காய்ச்சலோடு திரும்பியபோது. கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, அன்றே. மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ உதடு நீலம் பாரித்தாலோ, அந்த நிமிடமே. சளியில் இரத்தம் கண்டாலும், இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே தரும் டப்பாவை வீட்டுக்கு எடுத்து வந்து, காலையில் எழுந்து வாயைக் கொப்பளித்தபின், ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி வரும் சளியை அதில் பிடித்து மூடி, அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.